பல்லை எண்ணி வாங்கு

அன்புள்ள அம்முவுக்கு,

அப்பா எழுதுகிறேன். பலகை ஏன் கருகுகிறது, டேபிள் சாவுக்கு (மேசை ரம்ப மெஷினுக்கு) எந்த பிளேடு வாங்குவது என்று நீ கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போடத்தான் உட்கார்ந்தேன். ஒன்பது நிமிஷம் பேசிவிட்டுத் திருப்பிக் கேட்டால், நடுவில் மூணு இடத்தில் லோடு வண்டிக்காரரோடு சண்டை போட்டிருக்கிறேன். அழித்துவிட்டு பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். தம்பி போட்டோ எடுத்து அனுப்புவான். எழுத்து புரியாவிட்டால் கேள், உன் அம்மாவுக்கே புரிவதில்லை.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேப்பிள் பலகையின் விளிம்பு நீளத்துக்கும் தீய்ந்த தோசை மாதிரி பழுப்பு. ஓரிடத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு நல்ல கறுப்பு. அங்கேதான் கை மாற்றுவதற்காகப் பலகையை நிறுத்தியிருக்கிறாய், இல்லையா? மரம் நகராமல் நின்றால் பிளேடு அதே இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருக்கும். ஆனால் அந்தக் கறுப்புக்குத்தான் நீ காரணம். நீளத்துக்கும் ஓடுகிற பழுப்புக்குக் காரணம் நீ போட்டிருக்கும் 60 பல் பிளேடு.

பல் கூடினால் அறுப்பு சுத்தமாக வரும் என்று நினைத்திருக்கிறாய். குறுக்கே அறுப்பதற்கு அது சரி. நீளவாக்கில் கிழிப்பதற்கு நேர்மாறு.

துடைப்பக்கட்டை ஞாபகம் இருக்கிறதா, ஈர்க்குக் கட்டு? மரம் என்பது அப்படி ஒரு கட்டுதான். குறுக்கே வெட்டும்போது ஒவ்வொரு ஈர்க்கையும் அறுத்தாக வேண்டும், கத்தி மாதிரி கூரான பல் நிறைய வேண்டும், இல்லாவிட்டால் சிலாம்பு சிலாம்பாகப் பிய்ந்து வரும். நீளவாக்கில் போகும்போது நாரை நாரிலிருந்து பெயர்த்தெடுத்தால் போதும். அதற்குக் கத்தி வேண்டாம், உளி வேண்டும். கிழிப்பதற்கென்றே இருக்கும் ரிப் பிளேடின் பல்லை நகத்தால் தடவிப் பார், நுனி தட்டையாக இருக்கும். அரை அங்குல உளியின் வாய் போலவே, ஆனால் சின்னது. உன் தாத்தா கை ரம்பத்துக்கு அரம் போடும்போதும் இதே கணக்குதான். கிழிக்கிற ரம்பத்துக்கு நேராக ராவுவார், குறுக்கு ரம்பத்துக்குச் சாய்த்து ராவுவார். மெஷின் வந்ததால் மரம் மாறிவிடவில்லை.

இப்படிப் பெயர்ந்து வரும் தூள் மாவு மாதிரி இருக்காது. சேமியா மாதிரி நீள நீளமாகச் சுருண்டு வரும். அது மரத்தை விட்டு வெளியே போகும்வரை உட்கார்ந்திருக்க இடம் வேண்டும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் குழிதான் அந்த இடம். உன் 10 அங்குல பிளேடின் சுற்றளவு கிட்டத்தட்ட 800 மில்லி. 24 பல் என்றால் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் 33 மில்லி இடைவெளி. 60 பல் என்றால் 13 மில்லிதான். ரெண்டு அங்குல மேப்பிளுக்குள் நுழைந்த உடனே அந்தச் சின்னக் குழி நிரம்பிவிடும். போக இடமில்லாத தூள் பிளேடுக்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டி உரசும். சூடு ஏறும், தகடு வளையும், இன்னும் உரசும். மேப்பிளோ லேசில் கருகுகிற மரம்.

ஆகவே வாங்க வேண்டியது 24 பல். பலகை முக்கால் அங்குலம், ஒரு அங்குலமாக இருந்தால் 30 பல் கூடச் சரி, விளிம்பு இன்னும் மழமழவென்று வரும். உன்னுடையது 8/4, முழு ரெண்டு அங்குலம். 24 தாண்டாதே.

அப்புறம் ஒன்று, 24 என்று போட்டிருந்தாலே ரிப் பிளேடு ஆகிவிடாது. அங்கே உன் ஊரில் மரவீடு கட்டுகிறவர்கள் பைன் சட்டங்களை வேகமாக அறுத்துத் தள்ள வைத்திருப்பதும் 24 பல்தான். அதில் பல்லின் தலை ஒன்று இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் சாய்ந்திருக்கும். உனக்கு எல்லாப் பல்லும் தட்டையாக இருக்க வேண்டும். அட்டையில் ‘ஃப்ளாட் டாப்’ அல்லது எஃப்.டி.ஜி. என்று இருக்கிறதா பார். பல் முன்பக்கம் சாய்ந்திருக்கும் கோணத்தை ‘ஹூக்’ என்பார்கள், அது 20 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். அந்தச் சாய்வுதான் மரத்தைக் கடித்து உள்ளே வாங்குவது, நீ மல்லுக்கட்டித் தள்ள வேண்டியிருக்காது. அதனாலேயே இந்த பிளேடைக் கழற்றி மாப்பிள்ளையின் மைட்டர் சாவில் (பிளேடை மேலிருந்து இறக்கிக் குறுக்கே அறுக்கிற மெஷின்) மாட்டிவிடாதே. அங்கே பிளேடுதான் மரத்தை நோக்கி வருகிறது, கடித்தால் கையை மீறி இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்தது தடிமன். இங்கே நம் ஷெட்டில் த்ரீ ஃபேஸ், 5 எச்.பி. மோட்டார். எந்த பிளேடைப் போட்டாலும் முக்காது. உன்னுடையது வீட்டு பிளக்கில் ஓடுவது. 120 வோல்ட், 15 ஆம்பியர், அதாவது அதிகபட்சம் 1800 வாட். அதை வைத்துக்கொண்டு ஹார்ட் மேப்பிள் கிழிக்கிறாய். ‘ஜான்கா’ என்று ஒரு கணக்கு இருக்கிறது, 11.28 மில்லி எஃகுக் குண்டைப் பாதி புதையும்வரை மரத்தில் அழுத்தி எவ்வளவு பலம் தேவைப்பட்டது என்று பார்ப்பார்கள். ஹார்ட் மேப்பிள் 1450 பவுண்டு, ரெட் ஓக் 1290. நம் தேக்கு ஆயிரத்தை ஒட்டித்தான் வரும். தேக்குதான் உலகத்திலேயே கெட்டி மரம் என்று கஸ்டமரிடம் நானே எத்தனையோ தடவை அளந்திருக்கிறேன், போகட்டும். (ஹார்ட்வுட் என்ற பெயரையும் நம்பாதே. அகல இலை மரமெல்லாம் அவர்களுக்கு ஹார்ட்வுட். நகம் பட்டால் பள்ளம் விழும் பால்சாவும் அதில் சேர்த்தி.)

சாதாரண பிளேடு 3.2 மில்லி மரத்தைத் தின்னும். ‘தின் கெர்ஃப்’ என்று விற்பது 2.4 மில்லிதான் தின்னும். மோட்டாருக்கு கால்வாசி வேலை மிச்சம், மரத்திலும் சேதாரம் குறைவு. உன் மெஷினுக்கு அதுதான். ஆனால் வாங்குவதற்கு முன்னால் பிளேடுக்குப் பின்னால் நிற்கிறதே ஒரு தகடு, ரிவிங் நைஃப், அதன் மேல் பொறித்திருக்கும் அளவைப் படித்துக்கொள். அந்தத் தகடு பிளேடின் உடம்பைவிடத் தடிமனாகவும், பல் அறுக்கும் அகலத்தைவிட மெல்லிசாகவும் இருக்க வேண்டும். 2.4 அறுக்கும் பிளேடைப் போட்டுவிட்டுப் பின்னால் 2.5 தகடு நின்றால் மரம் பாதியில் முட்டி நிற்கும். உடனே தகடு தொந்தரவு என்று கழற்றத் தோன்றும். கழற்றவே கழற்றாதே.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீ ஒன்பதாவது படிக்கும்போது அப்பா லோடு ஆட்டோவிலிருந்து விழுந்து மூணு வாரம் படுத்திருந்தேனே, அது ஆட்டோவிலிருந்து விழுந்ததில்லை. அன்றைக்கு மைக்கா ஒட்டின பிளைவுட் அறுத்துவிட்டு 80 பல் பிளேடு அப்படியே மாட்டியிருந்தது. சாயங்காலம் ஒரே ஒரு வேங்கைப் பலகை, ஒன்றரை அங்குலம், கிழித்துக் கொடுத்தால் ஆள் பணம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஒன்றுக்காக எதற்கு பிளேடு மாற்றுவது என்று தள்ளினேன். பின்னால் இருக்க வேண்டிய தகட்டை நான் ஏற்கெனவே கழற்றி ஆணி டப்பாவில் போட்டிருந்தேன். பாதி போனதும் புகை வந்தது. மரம் உள்ளுக்குள் முறுக்கு வைத்திருந்தது போல, அறுத்த வாய் மூடிக்கொண்டு பிளேடின் பின்பக்கத்தைப் பிடித்தது. 10 அங்குல பிளேடு நிமிஷத்துக்கு 4000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சத்தம் காதில் விழுவதற்குள் பலகை என் விலாவுக்குக் கீழே வந்துவிட்டது. ரத்தமே இல்லை. சிரிக்கவும் முடியவில்லை, தும்மவும் முடியவில்லை. உன் அம்மா பட்டறையையே மூடச் சொல்வாள் என்று பயந்து ஆட்டோ கதை சொன்னேன். அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டும்போது இந்தப் பத்தியை விட்டுவிடு.

அதனால் அறுக்கும்போது பிளேடின் நேர்கோட்டில் நிற்காதே, ஒரு பக்கமாக ஒதுங்கி நில். தள்ளுகட்டை இல்லாமல் கடைசி ஒரு அடியைத் தள்ளாதே. மோட்டார் முனகினால் முரட்டுத்தனமாகத் தள்ளாமல் ரெண்டு தடவையாக அறு. முதலில் ஒரு அங்குல ஆழம், பிறகு பிளேடை ஏற்றி மீதி.

போன வாரம் உனக்கு ஒரு பிளேடு வாங்கி கூரியர் செய்யலாம் என்று சைடன்ஹாம்ஸ் ரோடுக்குப் போனேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, “பிளைவுட்டா, மரமாண்ணே?” மரம் என்றதும், “ஆச்சரியமா இருக்கு” என்று சிரித்தார். எல்லாரும் மாடுலர் கிச்சன் செய்கிற காலம். மேலே மாட்டியிருந்ததெல்லாம் 80 பல், 100 பல். உள்ளே போய் அட்டைப்பெட்டிகளைத் தள்ளி, தூசி தட்டி 24 பல் ஒன்று எடுத்துக் கொடுத்தார். தட்டை நுனி, ஆழமான குழி, எனக்கே ஆசை வந்தது. திருப்பிப் பார்த்தால் நடு ஓட்டை 30 மில்லி. இங்கே 25.4 அல்லது 30 தான். உன் மெஷினின் தண்டு அஞ்சே எட்டு அங்குலம், 16 மில்லி கூட முழுசாக இல்லை. வளையம் போட்டுச் சரிக்கட்டலாம் என்றார். மூணாயிரம் நாலாயிரம் சுற்று ஓடுகிற பொருளை என் பெண்ணுக்கு வளையம் போட்டு அனுப்ப எனக்கு மனசில்லை. டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அங்கேயே வாங்கிக்கொள்.

பிராண்ட் கேட்டாயே, ஃப்ராய்ட், சி.எம்.டி. ரெண்டும் நல்லது. சிவப்பாக விற்கும் டையாப்லோவும் ஃப்ராய்ட் செய்வதுதான். எதுவானாலும் பல்லின் நுனியில் ஒட்டியிருக்கும் கார்பைட் துண்டு தடிமனாக இருக்கிறதா பார். மெல்லிசாக இருந்தால் ரெண்டு தடவை சாணை பிடிப்பதற்குள் தீர்ந்துவிடும். கார்பைட் கெட்டி, ஆனால் கண்ணாடி மாதிரி சில்லு பெயரும். பிளேடை மாற்றும்போது இரும்பு மேசை மேல் வைக்காமல் அட்டை மேல் வை. பிளேடின் மேல் அச்சடித்திருக்கும் ஆர்.பி.எம். (நிமிஷத்துக்கு எத்தனை சுற்று) உன் மெஷினின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

புது பிளேடு போட்டும் கருகினால் பிளேடைத் திட்டாதே, ஃபென்ஸைப் பார், அதாவது பலகையை ஒட்டித் தள்ளுகிற அந்த நேர்ச்சட்டத்தை. ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பல்லை முன்னால் கொண்டுவந்து மேசையில் இருக்கும் காடியிலிருந்து எவ்வளவு தூரம் என்று அள. பிறகு அதே பல்லைப் பின்னால் சுற்றிவிட்டு அள. ரெண்டும் ஒன்றாக இருந்தால் ஃபென்ஸையும் அந்தக் காடிக்குச் சமமாக வை. வேறு பல்லை வைத்து அளந்தால் பிளேடின் கோணல் உன்னை ஏமாற்றிவிடும்.

நீ 60 பல்லைக் கழற்றியதும் அதையும் ஒரு வாளியில் வெந்நீரும் சலவைச் சோடாவும் போட்டு ஊற வைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்து எடுத்து வை. கறுப்பாகப் பிசின் ஒட்டியிருக்கும், அதுவும் உரசலைக் கூட்டும். குறுக்கு அறுப்புக்கு நல்ல பிளேடுதான் அது, தூக்கிப் போடாதே.

ஊஞ்சல் பலகைக்கு மூணு துண்டு ஒட்டப்போகிறேன் என்றாய். கருகிய விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒட்டாதே. தீய்ந்த இடத்தில் பசை இறங்காது, தேய்த்தால் விளிம்பு உருண்டு இடைவெளி விழும். ரெண்டு மில்லி சீவி எடுத்துவிட்டு ஒட்டு. நீ சொன்ன போர்டு ஃபுட் கணக்கை நம் கணக்கில் போட்டுப் பார்த்தேன், 12 போர்டு ஃபுட் ஒரு கன அடி. அந்த விலைக்கு இங்கே தேக்கே வாங்கியிருப்பேன் என்று சொல்ல வந்தேன், வேண்டாம்.

ஆமாம், மெஷின் வாங்கும்போது கூடவே ஒரு பிளேடு வந்திருக்குமே? பெரும்பாலும் 24 பல் ஒன்றுதான் கொடுப்பார்கள். அதை எங்கே வைத்தாய்? முதலில் கராஜில் தேடிப் பல்லின் நுனியைப் படம் எடுத்து அனுப்பு. நட்டைக் கழற்றும்போது பிளேடின் மேல் பல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம், அதாவது உன் பக்கமாக இழு.

சங்கிலிக்கு அம்மா பித்தளையில் கேட்டிருக்கிறாள். கூரையிலிருந்து பலகைக்கு எத்தனை அடி என்று அளந்து சொல்.

அப்பா
வியாசர்பாடி