பாறை முகட்டில் கூட வந்தவர்களுக்கும் கீழே காத்திருந்தவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

நடைபாதை முடிந்து, கை ஊன்றாமல் மேலே போக முடியாது என்கிற இடத்தில்தான் ஸ்கிராம்பிளிங் தொடங்குகிறது. பெரும்பாலும் கயிறு இருக்காது. விழுந்தால் அடியில் இருக்கும் பள்ளம் மட்டும் நிஜம். அங்கே நல்ல துணை அமைவது பெரிய கொடுப்பினை. அந்தத் துணைகளுக்கும், அவர்களை அப்படி உருவாக்கியவர்களுக்கும் இந்த மடல்.

முதல் நன்றி, நம்மோடு ஒரே வேகத்தில் நடப்பவர்களுக்கு. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம் என்று 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது. 8 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். பாறைப் பகுதி இதில் அடங்காது, ஓய்வும் அடங்காது. அவற்றைத் தனியே கூட்ட வேண்டும். இதைக் காலையிலேயே உட்கார்ந்து கணக்கிட்டு, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முடிவு செய்து, உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த நேரத்துக்குத் திரும்பியவர்களுக்கு நன்றி. ஒருவர் "திரும்பிடலாம்" என்றால் மற்றவர் காரணம் கேட்காமல் பையைத் திருப்பிப் போடுவதுதான் உண்மையான பொருத்தம். உடல் பலம் அதற்கு அடுத்ததுதான்.

கைப்பிடியைச் சோதிக்கக் கற்றுத் தந்தவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் பாறையைத் தட்டுங்கள். கெட்டியான பாறை அசையாமல் கையில் திருப்பி அடிக்கும். கழன்று நிற்கும் கல் 'டொக்' என்று பொள்ளலாக ஒலிக்கும். பிடியைச் சுற்றி விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். சந்தேகமான பிடியை வெளிப்பக்கம் இழுக்காமல் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். வெளியே இழுத்தால் இழுப்பறை போல உருவிக்கொண்டு வந்துவிடும். நான்கில் ஒரு கையோ காலோ மட்டும் நகரட்டும். முழங்காலை ஊன்றக் கூடாது, அங்கிருந்து எழுந்து நிற்க முடியாமல் திணறுவீர்கள். "இதே வழியில் இறங்க முடியுமா?" என்று ஒவ்வொரு செங்குத்துப் படிக்கும் முன்னால் கேட்கும் துணையின் குரல் விலை மதிப்பற்றது. இறங்கும்போது சரிவு அதிகமானால் பாறையைப் பார்த்தபடி திரும்பிக்கொள்ளுங்கள்.

கல் விழும் ஓடைப் பிளவுகளில் துணை எங்கே நிற்கிறார் என்பதுதான் எல்லாம். ஒரு மீட்டர் விழுந்த கல் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் வரும். பத்து மீட்டர் விழுந்தால் 50. அதனால்தான் ஒன்று, கைக்கெட்டும் தூரத்தில் ஒட்டி ஏற வேண்டும். அல்லது ஒருவர் ஓரமாகப் பாறை மறைவில் நிற்க, மற்றவர் முழுதும் ஏறி முடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் ஆபத்து. "கல்!" என்ற குரல் கேட்டதும் அண்ணாந்து பார்க்காமல், ஹெல்மெட்டோடு பாறையில் ஒட்டிக்கொள்பவர்களுக்கு நன்றி. கத்தத் தயங்காதவர்களுக்கு இரட்டிப்பு நன்றி.

கயிற்றைப் பற்றி உண்மை சொன்னவர்களையும் மறக்க முடியாது. பாறையோடு எங்கும் பிணைக்காமல் இருவரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு நடந்தால், ஒருவரின் சறுக்கல் இருவரையும் இழுத்துப் போகும். 30 மீட்டர் கயிறு, ஸ்லிங் எனப்படும் 120 சென்டிமீட்டர் நாடா வளையம் இரண்டு மூன்று, திருகு பூட்டுள்ள கேரபினர்கள் (கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கிகள்) போதும். ஆனால் ஸ்லிங்கை மாட்டும் பாறைக் கொம்பை முதலில் உதைத்துப் பார்த்தாக வேண்டும்.

வழிக்குறிப்பு எழுதியவர்களே, "ஈரமானால் தவிர்க்கவும்" என்ற உங்கள் இரண்டு சொற்கள் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கும். பாறைப்பாசி நனைந்தால் சோப்புதான்.

மீட்புக் குழுத் தன்னார்வலர்களுக்கு வணக்கத்துடன் நன்றி. ஆபத்தில் உதவி கேட்க நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிட இடைவெளி, மீண்டும் ஆறு, பதிலுக்கு மூன்று. இதைத் துணைகள் இருவருமே மனப்பாடமாக வைத்திருக்கிறோம்.

கடைசியாக, போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதிய துண்டுச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருந்தவர்களுக்கு. எத்தனை மணிக்குமேல் உதவி கேட்பது என்பதையும் அதில் எழுதித் தருகிறோம். சிக்னல் கிடைத்த முதல் இடத்தில் "இறங்கிட்டோம்" என்று அனுப்பும் செய்தி உங்களுக்குத்தான்.

நன்றியுடன்,
பாறையேறும் துணைகள்