புனித நாட்டுப் பயணம் நடத்தும் போதகர்களுக்கு: ஆராத்தையும் காட்டுங்கள்

அன்புள்ள போதகர் ஐயாமார்களுக்கு, ஸ்தோத்திரம்.

எகிப்து, இஸ்ரேல், ஜோர்டான் என்று நீங்கள் போடும் பயண அட்டவணையில் பெத்லகேம், கலிலேயா, சவக்கடல் எல்லாம் இருக்கின்றன. தெல் ஆராத் மட்டும் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல்.

சவக்கடல் கரையிலிருந்து மேற்கே மலையேறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். யூதா அரசின் எல்லைக் கோட்டை அது. 1960களில் தொல்லியலாளர் யோகனான் அகரோனி அங்கே அகழ்ந்தபோது கோட்டைக்குள்ளேயே ஒரு கோயில் கிடைத்தது. முற்றத்தில் வெட்டாத கற்களால் கட்டிய பலிபீடம், யாத்திராகமம் 20 சொல்வது போலவே. மகா பரிசுத்த ஸ்தலத்தின் வாசலில் இரண்டு தூபபீடங்கள், உள்ளே நட்டுவைத்த கல். எருசலேமில் ஆலயம் நின்ற காலத்திலேயே யூதாவின் வீரர்கள் இங்கேயும் தொழுதிருக்கிறார்கள்! ஒரு தூபபீடத்தில் குந்துருக்கம் என்ற நறுமணப் பிசினும் மற்றதில் கஞ்சாவும் எரித்த தடயம் இருப்பதாக 2020இல் ஓர் ஆய்வு வெளியானது.

அப்புறம் எப்போதோ அந்தத் தூபபீடங்களை உடைக்காமல் படுக்கவைத்து மண்ணால் மூடியிருக்கிறார்கள். எசேக்கியா ராஜா மேடைகளை, அதாவது எருசலேமுக்கு வெளியே இருந்த வழிபாட்டு இடங்களை, அகற்றினான் என்று 2 இராஜாக்கள் 18இல் வாசிக்கிறோமே, அதன் தடம் இதுதான் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். வேறு காரணம் சொல்பவர்களும் உண்டு. எப்படியானாலும், எருசலேமில் மட்டுமே ஆலயம் என்ற எண்ணம் வேரூன்ற எத்தனை தலைமுறை பிடித்தது என்பதை விசுவாசிகள் அங்கே கண்ணால் பார்ப்பார்கள்.

எரிகோவில் மதில் விழுந்த கதையைச் சொல்கிறீர்கள். சரி. 1950களில் அங்கே அகழ்ந்த தொல்லியலாளர் கேத்லீன் கென்யன், அந்த மதில்கள் யோசுவாவின் காலமாகப் பலர் கருதும் கி.மு. 13ஆம் நூற்றாண்டுக்கு வெகுமுன்பே இடிந்தவை என்று கண்டதையும் சொல்லுங்கள். நம் மக்கள் பயந்துவிட மாட்டார்கள். துரத்தப்படாமல் நடுவே குடியிருந்த கானானியரை நியாயாதிபதிகள் முதல் அதிகாரமே வரிசையாகச் சொல்கிறதே. கி.மு. 1200ஐ ஒட்டி மத்திய மலைநாட்டில் முளைத்த நூற்றுக்கணக்கான சிற்றூர்களின் பானைகளும் பெரும்பாலும் கானானியப் பானைகளின் தொடர்ச்சிதான். வந்தவர்களும் ஏற்கெனவே இருந்தவர்களும் கலந்தே இஸ்ரவேல் உருவானது என்று நான் நினைக்கிறேன். கெய்ரோவில் பிரமிடு பார்க்கிற நாளிலேயே எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் கல்வெட்டையும் காட்டலாம். கி.மு. 1208 வாக்கில் 'இஸ்ரவேல்' என்ற பெயரைப் பொறித்த கல் அது.

பலர் வருடக்கணக்கில் சேமித்து, வாழ்நாளில் ஒரே முறை உங்களோடு வருகிறார்கள். ஆராத்தில் இப்போது நிற்பவை மாதிரித் தூபபீடங்கள்; அசல் தூபபீடங்கள் எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆராத்துக்கு நாள் ஒதுக்க முடியாவிட்டால், ஒலிவமரச் சிலுவைக் கடைகளில் நிற்கும் நேரத்தைக் குறைத்து அந்த அருங்காட்சியகத்துக்காவது அழைத்துப் போங்கள்.

அன்புடன்,
வேதத்தை விரும்பி வாசிக்கும் ஒரு சபையார்