இந்த டிசம்பரில் அந்த டீச்சரைக் கேட்டுவிட்டுப் போவோம்

சிங்கப்பூரில் நம் தமிழ்ச் சபைகளின் மிஷன் கமிட்டிகளில் இருக்கும் பாஸ்டர்களுக்கும், அண்ணன்மார் அக்காமாருக்கும் இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் கம்போடியாவுக்குப் போகிற சிறுவர் ஊழியக் குழுவுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி அறிவிப்பு வந்துவிட்டது. நானும் பெயர் கொடுக்கலாம் என்றுதான் இருக்கிறேன். ஏற்கெனவே இரண்டு முறை போய் வந்தவள் என்பதால், அதற்கு முன்னால் சில விஷயங்களை உங்களிடம் சொல்லியாக வேண்டும். திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் சாட்சி சொல்ல எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தீர்கள். நன்றி சொல்லவே அது சரியாக இருந்தது.

முதல் பயணத்தில் கம்போங் சாம் மாகாணத்தில் ஒரு கிராமத்துச் சபையில் மூன்று நாள் விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தினோம். இயேசுவைப் பார்க்கக் காட்டத்தி மரத்தில் ஏறிய குள்ளமான சகேயுவின் கதை என் பொறுப்பு. இரண்டு மாதம் தயார் செய்தேன், துணியில் மரம் தைத்தேன், தலைப்பாகை கட்டினேன். நான் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்ல, மொழிபெயர்க்கிற தம்பி கெமர் மொழியில் ஒரு வாக்கியம் சொல்ல, நாற்பது நிமிடம் இழுத்தது. காட்டத்தி மரம் என்ற இடத்தில் தம்பி தடுமாறி நின்றுவிட்டார். பிள்ளைகள் என் தலைப்பாகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கதையைக் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது.

அப்போது பின்னால் பாய் விரித்துக்கொண்டிருந்த அந்தச் சபையின் ஞாயிறு பள்ளி டீச்சர் எழுந்து வந்தார். அங்கே பெண் ஆசிரியரை 'நெக் க்ரூ' என்பார்கள், க்ரூ என்பது நம் குருதான். அவர் ஜன்னல் வழியாக வெளியே இருந்த பனைமரத்தைக் காட்டி ஏதோ சொன்னார். கம்போடியாவின் தேசிய மரம் பனை, நம் தமிழ்நாட்டின் மாநில மரமும் அதுதான். பதநீர் இறக்குகிறவர்கள் மரத்தோடு சேர்த்துக் கட்டிய மூங்கில் ஏணியில் எப்படி ஏறுவார்களோ அப்படியே அவர் ஏறிக் காட்டினார், குள்ளமான ஒரு மனுஷன் ஊர்ச் சனங்களுக்குப் பயந்து மேலே ஒளிந்திருப்பதைக் காட்டினார், கீழே நின்று ஒருவர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைக் காட்டினார். பத்து நிமிடம். ஒரு பிள்ளைகூட அசையவில்லை. எனக்கு ஒரு வார்த்தை புரியாமலே கண் கலங்கியது.

அந்த அம்மா காலையில் சந்தையில் காய்கறி விற்கிறவர். சம்பளம் இல்லாமல் வாரா வாரம் நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். வருஷத்தில் 52 ஞாயிற்றுக்கிழமை அவர் நிற்கிற இடத்தில் நாம் மூன்று நாள் போய் நின்றுகொண்டு, அவரைப் பாய் விரிக்க வைத்தோம். கமிட்டியிடம் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். அவர் முன்னால் நிற்கட்டும், நாம் பாய் விரிப்போம்.

நாம்தான் அங்கே சுவிசேஷத்தை எடுத்துப் போகிறோம் என்பது போல ஜெபக் குறிப்புகளில் எழுதுகிறோம். 1923-லேயே அங்கே புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் போய்விட்டார்கள், 1954-இல் முழு வேதாகமமும் கெமர் மொழியில் வந்துவிட்டது. பிறகு 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்டுகளின் ஆட்சியில் அந்த நாட்டுச் சபை கிட்டத்தட்ட இல்லாமலே போனது, 1990-இல்தான் வெளிப்படையாக ஆராதிக்க அனுமதி கிடைத்தது. அந்தக் கிராமத்து மூப்பர் அந்த நாட்களைத் தாண்டி வந்தவர். அவர் முன்னால் நம் வாலிபர்கள் விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார், எனக்கு என்னவோ செய்தது.

அப்புறம் இந்த டிசம்பர் விஷயம். நமக்கு விடுமுறை என்பதால் டிசம்பர். ஆனால் அங்கே அது நெல் அறுவடைக் காலம், பெரிய பிள்ளைகள் வயலில் இருப்பார்கள். பள்ளிக்கூடமும் நடந்துகொண்டிருக்கும், அங்கே பல பள்ளிகளில் காலையில் ஒரு பிரிவு, மாலையில் ஒரு பிரிவு என்று அரை நாள் வகுப்பு. இரண்டாவது முறை போனபோது சில பிள்ளைகள் வகுப்பை விட்டுவிட்டு நம் விபிஎஸ்ஸுக்கு வந்திருந்தார்கள் என்பது எனக்குக் கடைசி நாள்தான் தெரிந்தது. எப்போது வந்தால் நல்லது என்று நெக் க்ரூவிடம் கேட்டேன். ஏப்ரல் என்றார். அவர்கள் புத்தாண்டும் நம் சித்திரை ஒன்றை ஒட்டித்தான் வருகிறது, எல்லாரும் வீட்டில் இருப்பார்களாம். இதை யாரும் அவரிடம் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. நம்மில் வேலைக்குப் போகிறவர்கள் நான்கைந்து பேர் ஏப்ரலில் லீவு போட முடியாதா? பதினான்கு பேர் போக வேண்டும் என்று என்ன கட்டாயம்?

மிட்டாய், டீ-ஷர்ட் பற்றியும் சொல்ல வேண்டும். கம்போடியாவில் புத்த மதம் அரசு மதம். பிற மதத்தவர் வீடு வீடாகப் போய்ப் பிரசாரம் செய்வதற்கும், பணமோ பொருளோ கொடுத்து மதம் மாறச் செய்வதற்கும் அங்கே தடை இருக்கிறது. நாம் மூன்று நாளும் வருகைக்கு ஒரு மிட்டாய்ப் பொட்டலம், வசனம் சொன்னால் ஒரு டீ-ஷர்ட் என்று கொடுத்தோம். நம் மனதில் வஞ்சகம் இல்லை, சரி. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்? நாம் விமானம் ஏறிவிடுவோம், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த டீச்சர்தான்.

அடுத்தது, இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்களைக் கை உயர்த்தச் சொல்வது. முதல் நாள் அழைப்பு கொடுத்தபோது கை உயர்த்திய ஒரு குட்டிப் பையன் இரண்டாம் நாளும் உயர்த்தினான், மூன்றாம் நாளும் உயர்த்தினான். நம் அறிக்கையில் அவன் மூன்று ஆத்துமாவாக எண்ணப்பட்டான். கேள்வி என்னவென்றே அவனுக்குத் தெரிந்திருக்காது, எல்லாரும் தூக்கினார்கள், அவனும் தூக்கினான். அவன் அப்பா அம்மா புத்தர் கோயிலுக்குப் போகிறவர்கள், நாம் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளையை வேறு யாராவது இப்படி நமக்குத் தெரியாமல் அழைத்துக் கேட்டால் சும்மா இருப்போமா? கூட்டத்தின் முடிவில் பிள்ளைகளின் தலைமேல் கை வைத்து ஜெபித்தோம். அங்கே தலை புனிதமானது, அந்நியர் தொடக் கூடாது. ஒரு பாட்டி ஓடி வந்து தன் பேத்தியை இழுத்துக்கொண்டு போனார், நாங்கள் ஏன் என்றுகூட யோசிக்காமல் அடுத்த பிள்ளைக்குப் போனோம். அந்தப் பாட்டியிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

கடைசி நாளைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இரண்டு பயணத்திலும் கடைசி நாள் தலைநகருக்கு வெளியே ஒரு அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குப் போனோம். முதல் முறை ஒன்பது வயது இருக்கும் ஒரு பெண்பிள்ளை வந்ததும் என் கையைப் பிடித்தவள், கிளம்பும்வரை விடவில்லை. வேன் வாசலில் அழுதாள், நானும் அழுதேன். கர்த்தர் இந்தப் பிள்ளைக்காகத்தான் என்னை அனுப்பினார் என்று வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது முறை நாங்கள் உள்ளே நுழையும்போது வேறொரு நாட்டுக் குழுவின் வேன் வெளியே போய்க்கொண்டிருந்தது. அவள் அந்த வேனுக்குக் கையசைத்து அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் வேனை நோக்கி ஓடி வந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. கையைப் பிடித்தாள். மொழிபெயர்க்கிற தம்பியை வைத்துப் பேசியபோதுதான் தெரிந்தது, அவளுடைய அம்மா ப்ரே வெங் மாகாணத்தில் உயிரோடு இருக்கிறாள்.

அவள் ஒருத்தி மட்டும் இல்லை. கம்போடிய அரசும் யூனிசெஃப்பும் சேர்ந்து கணக்கெடுத்தபோது இப்படிப்பட்ட 406 இல்லங்களில் 16,579 பிள்ளைகள் இருந்தார்கள். அதற்கு முன்பே நடந்த ஆய்வில், இல்லப் பிள்ளைகளில் நான்கில் மூவருக்கு மேல் பெற்றவரில் ஒருவராவது உயிரோடு இருப்பது தெரிந்திருந்தது. சோறும் படிப்பும் கிடைக்கும் என்று ஏழைத் தாய்மார் அனுப்புகிறார்கள். பிள்ளைகள் இருந்தால் குழுக்கள் வரும், குழுக்கள் வந்தால் காணிக்கை வரும். ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2017-இல் இதை நவீன அடிமைத்தனம் பற்றிய அறிக்கையிலேயே சேர்த்துப் பேசியது, 2019-இல் ஐ.நா. பொதுச்சபையும் இந்த மாதிரித் தன்னார்வப் பயணங்களின் ஆபத்தைச் சொன்னது. திக்கற்ற பிள்ளைகளை விசாரிக்க வேண்டும் என்று நமக்கு வேதம் சொல்கிறது. தாய் இருக்கிற பிள்ளையைத் திக்கற்ற பிள்ளையாக வைத்திருக்க நம் காணிக்கை உதவினால், சிறியவர்களுக்கு இடறல் உண்டாக்குகிறவனுக்கு இயேசு சொன்ன அந்த ஏந்திரக்கல் யார் கழுத்துக்கு என்று யோசித்து எனக்குத் தூக்கம் போயிருக்கிறது. அந்த இல்லத்தை நடத்துகிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நாம் அங்கே போகக் கூடாது, அந்தப் பணத்தைத் தாய்மாரோடு பிள்ளைகள் வாழ உதவுகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

போகிறவர்களையும் கொஞ்சம் பார்த்து எடுங்கள். இப்போது பணம் கட்டினால் போகலாம். ஊழியத்துக்கு என்றோ சுற்றுலாவுக்கு என்றோ வந்து பிள்ளைகளைச் சீரழித்த வெளிநாட்டவர் வழக்குகள் அந்த நாட்டில் எத்தனையோ. நம் ஆட்கள் நல்லவர்கள் என்பது போதாது, பெரியவர் ஒருவர் தனியாக எந்தப் பிள்ளையோடும் இருக்கக் கூடாது என்று எழுதி ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். நிதி திரட்டும் விருந்துக்கான பேனரில் அந்தப் பிள்ளைகளின் முகங்களைப் போடாதீர்கள். நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் படம் எடுக்கப் பெற்றோரின் அனுமதிப் படிவம் கேட்கிறோமே, அதே மரியாதை அவர்களுக்கும் வேண்டும்.

போன முறை தலைக்கு 1,200 சிங்கப்பூர் வெள்ளி, பதினான்கு பேருக்கு 16,800 வெள்ளி ஆனது. நெக் க்ரூவிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னவை இவ்வளவுதான்: பின்வரிசைப் பிள்ளைக்கும் தெரிகிற அளவில் பெரிய கதைப் படங்கள், கெமர் மொழியில் பாடப் புத்தகம், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள், பக்கத்து ஊர் டீச்சர்களோடு கூடிப் பேச மாதம் ஒரு நாள் பெட்ரோல் செலவு. நாங்கள் கொண்டுபோன பலூன், கிளிட்டர், ஆங்கிலச் செய்கைப் பாட்டு எதையும் அவர் கேட்கவில்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னால் அவரோடு ஒரு முறை வீடியோவில் பேசுங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் அவர் வீட்டில் இருப்பார், மொழிபெயர்க்கத் தம்பி சம்மதித்திருக்கிறார், எண் என்னிடம் இருக்கிறது. தேதி, ஆள் எண்ணிக்கை, பாடம் எல்லாவற்றையும் அவர் சொன்ன பிறகு முடிவு செய்யலாம். அதுவரை என் பெயரைப் பட்டியலில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் ஞாயிறு பள்ளி டீச்சர்களில் ஒருத்தி