ஓணத்துக்கு அனுப்பிய பரிசுக் கூடை: நான்காவது முறையாக எழுதும் புகார்

அனுப்புநர்:
செங்கோட்டை வாடிக்கையாளர்,
தென்காசி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
பரிசுக் கூடைப் பிரிவு, சென்னை.

நாள்: 16.09.2025

பொருள்: ஆகஸ்ட் 25 அன்று ஆர்டர் செய்த பெரிய கூடை தாமதமாகவும், பொருள் மாறியும், கெட்டுப்போயும் வந்தது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் மூன்று முறை உங்கள் ஆப்பில் உள்ள புகார்ப் பெட்டியில் எழுதிவிட்டேன். மூன்றுக்கும் வரி மாறாமல் ஒரே பதில்தான் வந்தது. ஒரு மனுஷர் கையில் போய்ச் சேரட்டும் என்றுதான் இப்போது தபாலில் அனுப்புகிறேன். தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

உங்கள் பெரிய கூடையில் என்னென்ன இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். என் மகளைப் புனலூரில் கொடுத்திருக்கிறோம். மருமகன் வீடு மலையாளக் குடும்பம். கல்யாணமாகி வரும் முதல் ஓணம் இது. எங்களுக்கு ஓணம் புதிதல்ல. 1956 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. என் மாமனார் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர். ஆனால் சம்பந்தி வீட்டுக்குச் சீர் கொண்டுபோவது என்பது வேறு. அங்கே இல்லாததை, நம் பக்கத்து நல்ல பொருளைக் கொண்டுபோக வேண்டும். ஓணத்துக்கு நேந்திரங்காய் உப்பேரியும் (அதுதான் சிப்ஸ்), வெல்லப்பாகில் புரட்டிய சர்க்கரை வரட்டியும் அந்த ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கும். நாம் போய் அதைக் கொடுத்தால் என்ன மரியாதை?

இரண்டு வாரம் யோசித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலை மிட்டாய், உடன்குடி கருப்பட்டி, மணப்பாறை முறுக்கு, திருநெல்வேலி அல்வா. முதல் நான்குக்கும் புவிசார் குறியீடு உண்டு. கோவில்பட்டிக்கு 2020இல் கிடைத்தது. அல்வாவுக்குக் குறியீடு வேண்டாம், தாமிரபரணித் தண்ணீரும் கோதுமைப் பாலும் நெய்யும் போதும். இவ்வளவையும் ஊர் ஊராகப் போய் வாங்க எனக்கு உடம்பு இடம் கொடுக்காது. நான் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. அப்போதுதான் உங்கள் கூடை கண்ணில் பட்டது. ஐந்தும் ஒரே கூடையில். வெளியே சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி. விலை 3,450 ரூபாய், அனுப்பும் செலவு 180. உடனே பணம் கட்டினேன்.

முக்கியமாகக் கருப்பட்டிக்காகத்தான் கட்டினேன். சம்பந்தி அம்மா காலையில் கருப்பட்டிக் காப்பிதான் குடிப்பார். சிரட்டையில் ஊற்றி எடுத்த உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்து நினைத்து வைத்திருந்தேன்.

செப்டம்பர் 3, புதன்கிழமைக்குள் புனலூர் வீட்டில் கொடுத்துவிடுவோம் என்றீர்கள். திருவோணம் 5ஆம் தேதி. இரண்டு நாள் கையில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். 3ஆம் தேதி வரவில்லை. போன் செய்தேன். "இன்னைக்கு ராத்திரிக்குள்ள வந்துடும் மேடம்." வரவில்லை. மறுபடி செய்தேன். ஆரியங்காவு செக்போஸ்ட்டில் நிற்கிறது, கேரளாக்காரர்கள் விட மாட்டேன் என்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். ஐயா, நான் பார்டரில் இருக்கிறவள். ஜிஎஸ்டி வந்தபோது, 2017லேயே, வணிகவரிச் சோதனைச்சாவடியை எடுத்தாயிற்று. ஓணம் நேரத்தில் ஆரியங்காவில் பால் வண்டிகளை நிறுத்திச் சோதிப்பார்கள், அது உண்மை. கூரியர் பையில் இருக்கும் கடலை மிட்டாயை நிறுத்தி வைத்து யாருக்கு என்ன லாபம்? தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாமே. ஏன் பொய்?

அப்புறம் இன்னொருவர் போனில் வந்தார். பார்சல் கொல்லம் கூரியர் கிடங்கில் இருக்கிறது, நேரில் போனால் வாங்கிக்கொள்ளலாம் என்றார். அவர் பேச்சை நம்பி 4ஆம் தேதி அதிகாலை பஸ் ஏறினேன். அன்றைக்கு உத்திராடம். உத்திராடப் பாய்ச்சல் என்று மலையாளத்திலேயே சொல்வார்கள், ஊரே கடைவீதியில் நிற்கும் நாள். செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்குக் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். புளியரை தாண்டி, ஆரியங்காவு தாண்டி (அங்கே எந்தக் கூரியர் வண்டியும் நிற்கவில்லை, எட்டிப் பார்த்துக்கொண்டேதான் போனேன்), தென்மலை, புனலூர், கொட்டாரக்கரை என்று பாதி தூரம் நின்றுகொண்டே போனேன். கிடங்கைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. அங்கிருந்த பையன் பாவம், நல்லவன். நாற்காலி போட்டு உட்கார வைத்து, கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சேச்சி, இது நேற்றே தென்காசிக்குப் போயாச்சு."

பணம் கட்டியவர் முகவரி செங்கோட்டை என்று இருப்பதால், உங்கள் ஆட்கள் அனுப்ப வேண்டிய முகவரியையும் அதுவாகவே மாற்றிவிட்டார்களாம். தென்காசி எங்கள் வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர். எட்டு கிலோமீட்டரில் கிடந்த பொருளுக்காக என்னை மலை தாண்டிக் கடற்கரை வரைக்கும் ஓட வைத்திருக்கிறீர்கள்.

அந்தக் கிடங்கு வாசலில் நின்றுதான் உங்கள் எண்ணுக்கு மறுபடி போன் செய்தேன். மாலை நாலு மணி இருக்கும். உங்களிடம் பதிவு இருக்கும், எடுத்துக் கேளுங்கள். கட்டாயம் கேளுங்கள். நான் ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. நடந்ததைச் சொல்லி, நாளைக் காலைக்குள் எப்படியாவது புனலூருக்குக் கிடைக்குமா தம்பி என்றுதான் கேட்டேன். அந்தப் பையன் சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது: "மேடம், ஸ்வீட்தானே? பக்கத்துக் கடையில வாங்கிக் குடுத்துட்டுப் போங்க. இதுக்கு ஏன் பத்து தடவை போன் பண்றீங்க?"

ஸ்வீட்தானே. ஸ்வீட் விற்கிற கம்பெனியிலிருந்து ஒருவர் ஸ்வீட்தானே என்கிறார். பக்கத்துக் கடை போதுமென்றால் உங்களுக்கு எதற்கு 3,450 ரூபாய் கட்டுகிறேன்? எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார். அவர் வயதில் எனக்கு மகன் இருக்கிறான்.

இருட்டி வெகுநேரம் கழித்து வீடு வந்தேன். தென்காசி கூரியர் ஆபீஸ் பூட்டியாகிவிட்டது. 5ஆம் தேதி விடுமுறை. திருவோணத்தன்று சம்பந்தி வீட்டு வாசலில் நானும் என் வீட்டுக்காரரும் வெறுங்கையோடு நின்றோம். வெறுங்கை என்றால், புனலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வாங்கிய ஒரு கிலோ லட்டும் இரண்டு சீப்புப் பழமும். கடைசியில் அந்தப் பையன் சொன்னதையே செய்ய வைத்துவிட்டீர்கள். ஓண விருந்தான சத்யாவில் உட்கார்ந்து எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. பார்சல் வந்துகொண்டிருக்கிறது என்று நான் சொன்னதை அவர்கள் நம்பியிருப்பார்களா என்று தெரியாது.

இத்தோடு முடிந்திருந்தால்கூட இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். 6ஆம் தேதி சாயங்காலம் கூடை புனலூர் போய்ச் சேர்ந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

உள்ளே கருப்பட்டி இல்லை, சர்க்கரை வரட்டி இருந்தது. முறுக்கு இல்லை, நேந்திரங்காய் சிப்ஸ் இருந்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாக, ஓணத்துக்கு மறுநாள் கேரளத்து வீட்டுக்குச் சிப்ஸ் அனுப்பியிருக்கிறீர்கள். ஸ்டாக் இல்லை என்றால் அதற்குச் சமமான பொருள் வைக்கப்படும் என்று எங்கோ பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்களாம். எது எதற்குச் சமம்? ஒரு போன் செய்து கேட்டிருந்தால், கருப்பட்டி இல்லாத கூடை வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

பால்கோவாவைத் திறந்ததும் புளித்த வாடை. தயாரித்த தேதி ஆகஸ்ட் 23 என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. நான் ஆர்டர் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னால்! பத்து நாளுக்குள் பயன்படுத்தவும் என்றும் போட்டிருக்கிறது. கொடுத்தது 15ஆம் நாள். ஆன்லைனில் விற்கும் உணவுப் பொருள், வாங்குபவர் கையில் சேரும்போது அதன் ஆயுளில் 30 சதவீதமாவது, இல்லை 45 நாளாவது மீதி இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. உங்களுக்குத் தெரியாததா? நல்ல பால்கோவா பாலும் சர்க்கரையும் மட்டும்தான், அது அதிக நாள் தாங்காது என்பதும் தெரியாததா?

இப்போது சொல்லப்போவதுதான் என்னால் தாங்க முடியாதது. அல்வாவுக்குப் பதிலாகத் தூத்துக்குடி மக்ரூன் வைத்திருக்கிறீர்கள். லேபிள் இல்லாத சின்ன பிளாஸ்டிக் பையில். மக்ரூனில் முட்டையின் வெள்ளைக்கரு உண்டு என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மக்ரூன் நல்ல பண்டம்தான், நானும் சாப்பிடுவேன். ஆனால் முட்டை சேர்ந்த பண்டத்துக்குப் பழுப்பு முக்கோணக் குறி போட வேண்டும். அது போடாததோடு, பச்சைப் புள்ளி ஒட்டிய கூடைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். சம்பந்தி அம்மா வாழ்நாளில் முட்டை தொட்டவர் இல்லை. பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டிருக்கிறார். நன்றாக இருக்கிறதே என்று, "இது எந்தா மோளே?" என்று என் மகளிடம் கேட்டிருக்கிறார்.

என் மகளுக்கு அது என்னவென்று தெரியும். பொய் சொல்லத் தெரியாது. சொல்லிவிட்டாள்.

அவர் ஒன்றும் பேசவில்லையாம். எழுந்து போய்க் குளித்துவிட்டு வந்து படுத்துவிட்டாராம். நான் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்றார். அந்தப் பரவாயில்லையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கல்யாணப் பேச்சு ஆரம்பித்ததிலிருந்து நான் சேர்த்து வைத்த மரியாதை அத்தனையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போய்விட்டது. என் மகள் அந்த வீட்டில் காலம் முழுக்க இந்தப் பேச்சைச் சுமக்க வேண்டும். இதற்கு என்ன விலை போடுவீர்கள்?

கடலை மிட்டாய் நன்றாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

உங்கள் கம்பெனியைக் கெடுக்க வேண்டும் என்று எனக்கு எண்ணமில்லை. இந்த மாதிரிக் கூடை ஒருவர் விற்கிறார் என்றதும் சந்தோஷப்பட்டவள் நான். தெருவில் நான்கு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் "உணவுப் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது" என்று மூன்று முறை பதில் போட்டீர்களே, அது செல்லாது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளை என் மகனை வைத்துப் படித்துவிட்டேன். சொன்னதற்கு மாறான பொருளோ, குறையுள்ள பொருளோ, சொன்ன நாள் தாண்டி வந்த பொருளோ என்றால் பணம் தர மாட்டேன் என்று சொல்ல முடியாது. புகார் கிடைத்த 48 மணி நேரத்தில் குறைதீர் அலுவலர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். எனக்கு இன்றுவரை ஓர் அலுவலரின் பெயர்கூடத் தெரியாது.

எனவே கூடை விலையும் அனுப்பும் செலவும் சேர்த்து 3,630 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். கொல்லம் போய் வந்த செலவு, தைக்காமல் போட்ட நான்கு நாள் கூலி, மன உளைச்சல், சம்பந்தி வீட்டில் பட்ட அவமானம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 50,000 ரூபாய் கேட்கிறேன். அதிகம் என்று தோன்றினால் என் இடத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள். 15 நாள் பார்ப்பேன். அதற்குப் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுவேன், உணவுப் பாதுகாப்புத் துறைக்கு அந்த லேபிள் இல்லாத பையையும் டப்பாவையும் கொண்டுபோய்க் கொடுப்பேன், நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், சென்னைக்கு வர வேண்டியதில்லை. ஐந்து லட்சம் வரைக்குமான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

பணத்தைவிட எனக்கு இன்னொன்று வேண்டும். தயவுசெய்து செய்து கொடுங்கள். தவறு எங்களுடையது, செங்கோட்டைக்காரர்கள் அறியாமல் நடந்தது என்று உங்கள் கம்பெனி தாளில், மலையாளத்தில், முத்திரை போட்டுச் சம்பந்தி அம்மாவுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். முகவரி உங்களிடம் இருக்கிறது. புனலூர் முகவரி. இந்தத் தடவையாவது அதை மாற்றாமல் அனுப்புங்கள்.

பேச வேண்டியிருந்தால் மதியம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். "ஸ்வீட்தானே" என்ற அந்தத் தம்பியை மட்டும் பேச வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
செங்கோட்டை வாடிக்கையாளர்

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, பால்கோவா டப்பாவின் படம், மக்ரூன் பையின் படம், 4.09.2025 கொல்லம் பஸ் டிக்கெட் இரண்டு.