வசந்த் விஷயம்

பாப்பா,

அன்றைக்குப் போனில் நீ வசந்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது குக்கர் நாலாவது விசில் அடித்துவிட்டது, பதில் சொல்லாமலே வைத்துவிட்டேன். சுஜாதாவின் வக்கீல் ஜோடி கணேஷ்-வசந்த் துப்பறியும் கதை ஏழு படித்துவிட்டாயாம், எந்தப் பெண் உள்ளே வந்தாலும் வசந்த் வழிகிறானாம், இவனையா உங்கள் காலத்தில் தலையில் தூக்கிவைத்து ஆடினீர்கள் என்று கேட்டாய். ஆடினோம். நானும்தான்.

அப்போது தண்டையார்பேட்டையில் நம் தெருமுனையில் ஒரு வாடகை நூலகம் இருந்தது, ஒரே அறை, புத்தகத்துக்கு ஒரு நாள் வாடகை நாலணா. தண்ணி லாரிக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு நின்றுகொண்டே படிப்போம். லாரி வருவதற்குள் கொலை விழுந்துவிடும், யார் செய்தது என்பது மறுநாள் லாரிக்குத்தான். அந்த வரிசையிலேயே கட்சி உண்டு. எதிர்வீட்டு அக்கா ராஜேஷ்குமார் நாவலைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார் (அதில் துப்பறிகிற விவேக் ரூபலாவைக் கட்டிக்கொண்டு ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறவன், உங்க வசந்த் மாதிரியா என்பார்). உன் தாத்தாவுக்கோ தமிழ்வாணனின் சங்கர்லால் ஒருத்தர்தான் துப்பறிவாளர், தேநீர் குடித்தே கேஸை முடிக்கிறவர், மற்றதெல்லாம் பொடிப்பசங்க.

நான் கணேஷ் கட்சி. 1968-ல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' படித்தாயா? அதில் வசந்தே கிடையாது, கணேஷ் தனி ஆள், எனக்கு அது கொஞ்சம் காய்ந்த மாதிரிதான் இருந்தது. வசந்த் ஜூனியராக வந்த பிறகுதான் களை கட்டியது. கணேஷ் யோசித்துக்கொண்டிருக்கும்போது இவன் நடுவில் "பாஸ்" என்று ஏதோ ஒன்றை எடுத்துவிடுவான், நாமும் சிரித்துவிட்டு அதே பக்கத்தில் இருக்கிற தடயத்தைக் கோட்டை விடுவோம். வாத்தியார் சுஜாதாவின் வேலை அது.

ஆனால் நீ சொன்னது தப்பில்லை. இருபது வயதில் அந்த வழிசலை, பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பையன்களைத் தாண்டிப் போகிற மாதிரி தாண்டிப் போய்விட்டேன். போன மாதம் திரும்பப் படித்தால் அதே பக்கங்கள் எரிச்சலாக இருக்கின்றன. அந்த மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக் இருக்கிறதே, எத்தனை கதையில் வசந்த் ஆரம்பித்தான், ஒன்றிலாவது முடித்தானா? வாசகர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள், 2008-ல் சுஜாதா போனதும் ஜோக்கும் அவரோடு போய்விட்டது. துணி வெளுத்தவர்களால் பேர் வந்த வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள் நான். துணி துவைக்கிற பொம்பளை என்றால் இவனுக்கு என்ன அப்படி ஒரு ஜோக் என்று அன்றைக்கு ஒருநாள்கூடக் கேட்கத் தோன்றவில்லை பார்.

சரி, அதற்காக ஏழோடு நிறுத்திவிடாதே. நம் பரண்மேல் 'கொலையுதிர் காலம்' பைண்டு இருக்கிறது, குமுதத்தில் வாராவாரம் வந்ததை நைனா கிழித்துச் சேர்த்துவைத்துத் தைத்தது. படங்கள் அப்படியே இருக்கின்றன. தையல் பக்கம் எழுத்து உள்ளே போய்விட்டது, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தால்தான் வரி தெரியும், ஒரு பக்கத்தில் எண்ணெய்க் கறை, அது நீ செய்ததுதான், மூன்று வயதில். அதில் நடப்பதெல்லாம் ஆவியா விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். இந்த வீட்டில் அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை, நைனா ஆவி, நான் விஞ்ஞானம். வழிசல் அதிலும் இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இருந்தும் ராத்திரி தனியாகப் படிக்காதே.

மாமா பையன் அடுத்த வாரம் பெங்களூர் வருகிறான், அவனிடம் பைண்டைக் கொடுத்தனுப்புகிறேன், கூடவே கொஞ்சம் நெத்திலிக் கருவாடும். தனித்தனிப் பையில்தான் கட்டியிருக்கிறேன், பயப்படாதே. ஓரத்தில் நைனா பென்சிலில் ஒரு பேரை எழுதி வட்டம் போட்டு வைத்திருப்பார், யார் செய்தது என்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டாராம். அதைப் பார்க்காதே. பார்த்தாலும் பரவாயில்லை, அந்தப் பேர் தப்புதான்.

அம்மா