மேட்ச் குடுங்கய்யா: இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷனுக்கு மதுரையில இருந்து ஒரு திறந்த மடல்

மதுரை, நவம்பர் 2025

டெல்லி துவாரகா ஃபுட்பால் ஹவுஸ்ல இருக்கிற அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு நிர்வாகிங்க எல்லாருக்கும் வணக்கம்.

நவம்பர் 18 டாக்காவுல ஆசிய கோப்பை தகுதிச் சுற்று மேட்ச்ல பங்களாதேஷ்கிட்ட 1-0ன்னு தோத்துட்டோம். ஆரம்பத்துலயே அவங்க மோர்சலின் ஒண்ணு போட்டாப்ள, அதுக்கப்புறம் முக்காவாசி மேட்ச் மிச்சம் இருந்துச்சு, ஒண்ணே ஒண்ணைத் திருப்பிப் போட முடியல. பங்களாதேஷ் நம்மளை ஜெயிச்சு 22 வருஷமாச்சு, 2003க்கு அப்புறம் இப்பத்தான் ஜெயிக்கிறாங்க. அவங்க நல்லா ஆடுனாங்க, ஜெயிச்சாங்க, அவங்க மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. எங்க வருத்தம் எல்லாம் உங்க மேலதான், அதை உங்ககிட்டயே சொல்லிருவோம்னுதான் இதை எழுதுறேன்.

உண்மையில எங்களுக்கு அக்டோபர் 14 அன்னைக்கே எல்லாம் முடிஞ்சுபோச்சு. கோவா ஃபதோர்டாவுல சிங்கப்பூர்கிட்ட 2-1. தீபாவளிக்கு ஒரு வாரம்கூட இல்ல, நான் வேலை பாக்குற ஜவுளிக்கடையில நிக்க இடமில்லாத கூட்டம், விளக்குத்தூண்ல இருந்து மாசி வீதி வரைக்கும் தலையாத்தான் தெரியுது, நாங்க மூணு பேரு போனை பில் புக்குல சாச்சு வச்சு சவுண்டு இல்லாம பாத்துட்டு இருந்தோம். 14ஆவது நிமிஷம் நம்ம சாங்டே தூரத்துல இருந்து ஒண்ணு வச்சாப்ள பாருங்க, எங்களை அறியாம கத்திட்டோம். சேலை பாத்துட்டு இருந்த அக்கா ஒருத்தவங்க "என்னப்பா, கிரிக்கெட்டா"ன்னாங்க. "இல்லக்கா, ஃபுட்பால், இந்தியா கோல் போட்ருச்சு"ன்னேன். "இந்தியாவுக்கு ஃபுட்பால் டீம் இருக்கா"ன்னு கேட்டாங்க, கேலியெல்லாம் இல்ல, நெசமாவே தெரியாமத்தான் கேட்டாங்க. இடைவேளைக்கு ஒரு நிமிஷம் முன்னாடி சிங்கப்பூரோட சாங் ஊய்-யங் ஒண்ணு, 58ஆவது நிமிஷம் அவரே இன்னொண்ணு, அதோட 2027 சவுதி ஆசிய கோப்பை போச்சு.

2019லயும் போனோம், 2023 கோப்பைக்கும் போனோம். 2019ல அபுதாபியில தாய்லாந்தை 4-1ன்னு அடிச்சதை இன்னைக்கும் எங்க செட்டுல பேசிக்குவோம். இந்தத் தடவை 24 டீம் ஆடுற கோப்பை, குரூப் பிரிக்க சீட்டு எடுக்கும்போது நம்ம ரேங்க் கூடின டீமுகளோட முதல் வரிசையில இருந்தோம், நம்ம குரூப்புக்கு வந்தது ஹாங்காங், சிங்கப்பூர், பங்களாதேஷ். அந்த குரூப்ல இதுவரைக்கும் அஞ்சு மேட்ச் ஆடிருக்கோம், ஒரு ஜெயிப்புகூட இல்ல, ரெண்டு டிரா, ரெண்டு கோல், ரெண்டு பாயிண்ட். 2023 ஜூலையில உலக ரேங்க்ல 99ல நின்ன டீம் ஐயா இது, இப்ப 142.

பிளேயர்ஸை யாரும் திட்டாதீங்கன்னு எங்க பயலுககிட்ட நான் சொல்லிட்டேதான் இருக்கேன். சிங்கப்பூர்கூட அவங்க ஊர்ல ஆடுன முதல் மேட்ச்ல நம்ம ஜிங்கான் ரெட் கார்டு வாங்கி வெளிய போனப்புறம் பத்து பேரா நின்னு 90ஆவது நிமிஷம் ரஹீம் அலி சமன் பண்ணுனாப்ள, மனசு இல்லாதவய்ங்களுக்கு அது வராது. கோச் காலித் ஜமீல் சார் ஆகஸ்ட்ல பொறுப்பு எடுத்து ஒரு மாசத்துல, மத்திய ஆசிய நாடுகள் நடத்துற காஃபா கோப்பையில, தஜிகிஸ்தான்ல ஓமனை பெனால்டியில ஜெயிச்சு மூணாவது இடம் வாங்கிட்டு வந்தாப்ள. அதனால தயவுசெஞ்சு இப்ப அவரை மாத்திட்டு வேலை முடிஞ்சுச்சுன்னு உக்காந்துறாதீங்க. 2024 ஜூன்ல கோச் ஸ்டிமாச்சை அனுப்புனீங்க, அடுத்து வந்த மனோலோ கோவா கிளப்புக்கும் நாட்டு டீமுக்கும் சேத்தே கோச்சா இருந்தாப்ள, ஒரு வருஷத்துல அவரும் கிளம்பிட்டாப்ள. கோச் மாறிக்கிட்டே இருக்காங்க, ஆட்டம் மாறல.

எங்களுக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். நம்ம ஆளுகளுக்கு மேட்ச் இல்ல. சின்னப் பயல்ல இருந்து இந்தியா ஜெர்சி போட்டவங்க வரைக்கும் யாருக்கும் ஆடுறதுக்குப் போதுமான மேட்ச் இல்ல.

மேல இருந்தே வருவோம். நம்ம நாட்டு பெரிய கிளப் லீக் ஐஎஸ்எல் போன ரெண்டு சீசனும் செப்டம்பர்ல ஆரம்பிச்சுருச்சு, இந்த வருஷம் நவம்பர் முடியப்போகுது, லீக்கே இல்ல. லீக் நடத்துற கம்பெனியோட ஒப்பந்தம் டிசம்பர் 8ல முடியுதுன்னு உங்களுக்கு நேத்து ராத்திரி தெரிஞ்ச சங்கதியா? பதினஞ்சு வருஷ ஒப்பந்தம், முடியிற தேதி கையெழுத்து போட்ட அன்னைக்கே தெரியும். கடைசி நேரத்துல டெண்டர் விட்டீங்க, ஒருத்தரும் கேக்க வரல. கோர்ட்டு, சட்டதிட்டம், எல்லாம் இருக்கட்டும், இதுக்கு நடுவுல வாரா வாரம் ஆட வேண்டிய பிளேயர் வீட்டுல உக்காந்துருந்தா அவரால சிங்கப்பூர்கூட தொண்ணூறு நிமிஷம் எப்படி ஓட முடியும்? எங்க காரைக்குடி பக்கத்து கண்டனூர் பையன் சிவசக்தி, 2022-23 சீசன்ல ஐஎஸ்எல்லோட வளரும் வீரர் விருது வாங்குன பையன், எங்க ஊரு டீக்கடை வரைக்கும் பெருமை பேசுனோம். அந்தப் பையன் ஆடுற பெங்களூரு எஃப்சி ஆகஸ்ட்ல சம்பளத்தையே நிறுத்தி வைக்கிறோம்னு அறிவிச்சாங்க. படிப்பை விட்டுட்டு பந்து பின்னாடி போன பயலுக வீட்டுல அன்னைக்கு என்ன பேசிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

லீக் நடந்தாலும் கோல் அடிக்கிற இடத்துல நம்ம ஆளு நிக்கிறதில்ல. 2024-25 சீசன்ல அதிக கோல் மொராக்கோக்காரர் அஜராயி, 23. இந்தியர்கள்ல அதிகம் சேத்ரி, 14, அப்ப அவருக்கு வயசு நாப்பது. நாட்டு டீம்ல இருந்து ரிட்டயர் ஆயி போனவரை மார்ச்ல திரும்பக் கூட்டிட்டு வந்தோமே, அவர் மேல இருக்கிற மரியாதையில சொல்றேன், அது அவருக்குப் பெருமை, நமக்கு இல்ல. கிளப்புக்கு ஜெயிக்கணும், அதனால ஃபார்வர்டுல வெளிநாட்டுக்காரரை நிறுத்துறாங்க, அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பெஞ்சுல உக்காந்துருக்கிற இருபது வயசுப் பையன் வேற எங்க போயி கோல் அடிச்சுப் பழகுவான், அந்த இடத்தை உருவாக்க வேண்டியது நீங்கதான.

நம்ம கோவாவுல தோத்ததுக்கு முந்தின நாள்தான் கேப் வெர்டே உலகக் கோப்பைக்குப் போனாங்க. அந்த நாட்டு ஜனத்தொகை சுமாரா அஞ்சு லட்சம், எங்க மதுரை டவுன்ல பாதிகூட இருக்காது. நம்ம டாக்காவுல தோத்த அதே நாள் குராசாவ் போனாங்க, அது அதைவிடச் சின்னது, ரெண்டு லட்சம்கூட கிடையாது. அவங்க டீம்ல நெறைய பேரு ஹாலந்துல பொறந்து வளந்தவங்கன்னு சொல்வீங்க, ஆமா, நானும் அதைத்தான் சொல்றேன், அங்க வளந்த பிள்ளைங்க சின்ன வயசுல இருந்தே வாரா வாரம் சனிக்கிழமை லீக் மேட்ச் ஆடி வளந்துருக்காங்க.

இங்க எங்க பிள்ளைக கதையைக் கேளுங்க. ஸ்கூல் டீம்னா குறுவட்டப் போட்டி, அதுல ஜெயிச்சா மாவட்டம், அதுக்கு மேல மாநிலம். எல்லாம் நாக்-அவுட். முதல் மேட்ச்ல தோத்தா அந்த வருஷம் அம்புட்டுத்தான், அடுத்த மேட்ச் அடுத்த வருஷம். எங்க தெருவுல ஒன்பதாவது படிக்கிற ஒரு பையன், கோல் கீப்பர், கிளவுஸ் விரல் கிழிஞ்சு சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டிருக்கான். தினமும் காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சு ரேஸ்கோர்ஸ் கிரவுண்டுக்குப் போறான். குறுவட்டத்துல முதல் மேட்ச், 0-0, பெனால்டியில தோத்துட்டாய்ங்க. ரெண்டு பெனால்டி புடிச்சான் ஐயா அவன், நான் அங்க நின்னு பாத்தேன். அதுக்கப்புறம் இந்த வருஷம் அவனுக்கு மேட்ச்சே கிடையாது. பி.டி. வாத்தியாரு கையைப் பிசைஞ்சுட்டு நிக்கிறாரு, அவரு என்ன பண்ணுவாரு, அவர்கிட்ட இருக்கிறது ரெண்டு பந்து.

சாயங்காலம் காசு சேத்து டர்ஃப் எடுத்து, பக்கத்துக்கு அஞ்சு பேரா ஃபைவ்ஸ் ஆடுறாய்ங்க. அது நல்லதுதான், கால்ல பந்து நிக்கும், சின்ன பாஸ் வரும். ஆனா முழு கிரவுண்டுல பதினோரு பேரா ஆடுனாத்தான் கிராஸ் வரும், தூரத்துப் பந்தை நெஞ்சுல வாங்க வரும், எழுபதாவது நிமிஷத்துக்கு மேல மூச்சு எப்படி வாங்கும்னு தெரியும். டர்ஃப்ல நாலு பேரை ஏமாத்திட்டுப் போற பயலை பெரிய கிரவுண்டுல விட்டா எங்க நிக்கணும்னே தெரியாம முழிக்கிறான். திண்டுக்கல் பக்கம் பரவால்ல, அங்க ஃபுட்பாலுக்குன்னு ஒரு பழக்கம் இருக்கு. எங்ககிட்ட பயலுக இருக்காய்ங்க, ஆசை இருக்கு, வாரா வாரம் மேட்ச் மட்டும் இல்ல.

1962 ஆசிய விளையாட்டுல ஜகார்த்தாவுல தென்கொரியாவை ஜெயிச்சு தங்கம் வாங்குனதையும் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ல நாலாவது வந்ததையும் நீங்க விழாவுக்கு விழா சொல்றீங்க. 2023 ஜனவரியில விஷன் 2047ன்னு ஒரு திட்டமும் வெளியிட்டீங்க. 2047ல எங்க தெரு கோல் கீப்பர் பையனுக்கு முப்பத்தஞ்சு வயசு தாண்டிரும். அவனுக்கு இந்த ஜனவரியில என்ன இருக்கு?

மாவட்டத்துக்கு மாவட்டம் பதிமூணு வயசு, பதினஞ்சு வயசு, பதினேழு வயசுன்னு லீக் வேணும், நாக்-அவுட் வேணாம், தோத்தாலும் அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி ஆடுற மாதிரி. இதை மாநில சங்கத்து வேலைன்னு தள்ளிவிட்டுறாதீங்க, அவங்களுக்குப் பணமும் கணக்கும் கேள்வியும் உங்ககிட்ட இருந்துதான் போகணும். ஐஎஸ்எல் எப்ப ஆரம்பிக்கும், யாரு நடத்துவாங்க, சம்பளத்துக்கு யாரு பொறுப்புன்னு பிரஸ் மீட் வச்சு வெளிப்படையா சொல்லுங்க. மதுரைக்கு வாங்க, உங்க ஆளு ஒருத்தரை அனுப்புங்க, நாங்களே கூட்டிட்டுப் போயி காட்டுறோம்.

இன்னொண்ணு, இதுதான் அவசரம். பொண்ணுங்க டீம் ஜூலை 5 சியாங் மாய்ல தாய்லாந்தை அவங்க ஊர்லயே 2-1ன்னு அடிச்சு ஆசிய கோப்பைக்குப் போயிருக்காங்க, சங்கீதா ரெண்டு கோல். வர்ற மார்ச்ல ஆஸ்திரேலியாவுல ஜப்பான், வியட்நாம், சீன தைபே கூட ஆடணும். எங்க மதுரை சேது எஃப்சி பொண்ணுங்க 2019ல இந்திய மகளிர் லீக்கையே ஜெயிச்சாங்க, அதனால பொண்ணுங்க ஆட்டம்னா எங்களுக்கு ரெண்டாம்பட்சம் கிடையாது. ஆம்பளைங்க டீமுக்கு நடந்தது அவங்களுக்கு நடக்க விட்றாதீங்க. இன்னும் மூணு மாசம் இருக்கு. நம்மளைவிட நல்லா ஆடுற நாடுகளோட அவங்களுக்கு பிராக்டிஸ் மேட்ச் புடிச்சுக் குடுங்க, எந்தத் தேதி எந்த நாடுன்னு இந்த டிசம்பருக்குள்ள அறிவிங்க, மேட்ச்சை எங்க பாக்கலாம்னும் சொல்லுங்க, கடையில போனை சாச்சு வச்சாவது நாங்க பாத்துருவோம்.

இப்படிக்கு,
மதுரையில இருந்து ஒரு ஃபுட்பால் ரசிகன்