மாதிரித் தேர்வுத் தாள்கள் குறித்து பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவம் நல்லபடியாகவே போனது. விளையாட்டு விழா சிறப்பாக முடிந்தது, ஓவியப் போட்டியில் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள், நூலகத்துக்குப் புதுப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. உழைத்த எல்லோருக்கும் பாராட்டுகள். சரி, இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது வேறொரு விஷயத்துக்காக.

போன வாரம் கணக்குப் பாடத்தில் ஒரு மாதிரி வினாத்தாளும், எழுதி முடித்தபின் திருத்திப் பார்க்க விடைக்குறிப்பும் கொடுத்தனுப்பினோம். அதில் பதினோராவது கேள்விக்கு 36 என்று வரவேண்டிய விடை 63 என்று அச்சாகிவிட்டது. தவறு எங்களுடையது, மன்னிக்கவும். ஆனால் திரும்பி வந்த தாள்களில் நிறையப் பேர் வழிமுறையெல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, கடைசி வரியில் 12 × 3 = 63 என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு தாளில் முதலில் 36 என்று எழுதி, அதை அடித்துவிட்டு 63 என்று மாற்றியிருந்தது. அந்த அடித்தலைப் பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. தனக்குத் தெரிந்ததையே அந்தப் பிள்ளை நம்பவில்லை.

பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கவேண்டும் என்ற உங்கள் ஆசை எங்களுக்கும் உண்டு. ஆனால் மாதிரித் தேர்வு மதிப்பெண்ணுக்காக வைப்பதில்லை, எது வரவில்லை என்று கண்டுபிடிக்க வைப்பது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியை நான்கு முறை படித்தார்கள், இன்னொரு பிரிவினர் ஒரு முறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. பார்க்காமல் தேடி எடுக்கிற அந்தச் சிரமம்தான் பாடத்தை மனதில் தங்க வைக்கிறது, விடைக்குறிப்பு பக்கத்தில் இருந்தால் அந்தச் சிரமமே இல்லாமல் போய்விடுகிறது.

அதனால் வீட்டில் எழுதும்போது கடிகாரம் வைத்து, புத்தகத்தை மூடி, ஒரே மூச்சில் எழுதட்டும். தெரியாததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகட்டும், அதுவும் பழகவேண்டிய விஷயம்தான். முடித்தபின் வேறு நிற மையில் அவர்களே திருத்தட்டும். அப்புறம்தான் முக்கியமான வேலை: தவறான ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் பாடமே தெரியவில்லையா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா, கூட்டலில் சறுக்கலா, நேரம் போதவில்லையா என்று ஒரு வார்த்தை எழுதவேண்டும், ஏனென்றால் பாடம் தெரியாத பிள்ளைக்கும் அவசரப்பட்ட பிள்ளைக்கும் மருந்து ஒன்றல்ல. மூன்று நான்கு நாள் கழித்து தவறானவற்றை மட்டும் பழைய விடையைப் பார்க்காமல் மறுபடி போட்டுப் பார்க்கட்டும். ஒரே நாளில் நான்கைந்து தாள் எழுத வைக்காதீர்கள். திருத்திப் பார்க்காத ஐந்து தாளைவிட அலசிப் பார்த்த ஒரு தாள் மேல்.

இதை மட்டும் கண்டிப்பாகவே சொல்லிவிடுகிறேன். விடையைப் பார்த்து எழுதிய தாள் என்று தெரிந்தால், இனி மதிப்பெண் போடாமல் திருப்பி அனுப்புவோம். மாதிரித் தேர்வு மதிப்பெண்களை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். 98 வாங்கிய தாளின் படத்தைப் பார்த்துவிட்டு 60 வாங்கிய பிள்ளையை வீட்டில் திட்டினால், அடுத்த முறை அந்தப் பிள்ளை என்ன செய்யும்? விடைக்குறிப்பைத் தேடும்.

உங்களில் பெரும்பாலானோர் வேலை முடிந்து களைத்து வந்தும் பிள்ளைகளோடு உட்காருகிறீர்கள், அது எங்களுக்குத் தெரியும். ஒரு தாயார், விடை எழுதாத மூன்று கணக்கையும் அப்படியே விட்டு, "இவளுக்கு இது வரவில்லை, சொல்லிக்கொடுங்கள்" என்று துண்டுச் சீட்டு இணைத்து அனுப்பியிருந்தார். மறுநாளே ஆசிரியர் அந்தப் பாடத்தை வகுப்புக்கே மறுபடி நடத்தினார், பல பிள்ளைகளுக்கு அது தேவையாகத்தான் இருந்தது. அந்தத் தாயாருக்கு என் தனிப்பட்ட நன்றி.

அடுத்த தாள் வெள்ளிக்கிழமை வரும். விடைக்குறிப்பு திங்கட்கிழமை வகுப்பில்தான் கொடுப்போம், இந்த முறை இரண்டு ஆசிரியர்கள் சரிபார்த்த பிறகு. உங்கள் ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்